சாட்சிக்காரர் வீட்டுச் சமையல்

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் புத்தக மேசை போட்டேன். விற்றது இரண்டு காலண்டர், ஒரு பாட்டுப் புத்தகம். காலண்டர் கட்டு பாதி அப்படியே கிடக்கிறது. இவ்வளவு வாங்க வேண்டாம் என்று நவம்பரிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனி எவன் வாங்குவான்?

மேசையை மடக்கும்போது எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்தார். "எப்சிபாம்மா, லெந்து தவக்காலத்துக்கு நம்ம சபைப் பத்திரிகையில ஒரு பக்கம் எழுதித் தாங்களேன். ஜெபம், தெய்வீக சுகம், இதப் பத்தி என்னென்ன புத்தகம் வாசிக்கலாம்னு. எலியேசர்புரத்துல உங்கள விட்டா யாரு வாசிக்கா?" என்றார்.

வாசித்துக் கிழித்தேன். ஆனாலும் கேட்டதில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து இவருக்கு வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. மாத்திரை உள்ளே போனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கிணற்றில் இறங்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பம்புசெட் மோட்டார் பார்க்கிறவரைக் கிணற்றில் இறங்காதே என்றால் என்ன செய்வார்? கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறார், பேச்சே குறைந்துபோய்விட்டது. "நான் பாதி ஆளுளா" என்று நேற்றுகூடச் சொன்னார்.

மேசைப் புத்தகக் கட்டிலிருந்து பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விசுவாச ஜெபத்தால் சுகமானவர்கள் கதை. நன்றாகப் போகிற புத்தகம். வாசித்தால் மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றுதான்.

ஜனவரி 14, புதன்

புத்தகத்தை இரண்டாவது தடவை வாசிக்கிறார். பென்சிலால் கோடு வேறு. முகம் தெளிந்திருக்கிறது. நாளை பொங்கலுக்குக் கடை கிடையாது. வெள்ளியிலிருந்து மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம், மூன்று நாளும் போகவேண்டும் என்கிறார். போவோமே.

ஜனவரி 17, சனி

என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆறு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. வெளியூர்ப் பிரசங்கியார் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, "தலையில் அடிபட்டு வருஷக்கணக்காய் வருத்தப்படுகிற ஒரு சகோதரனைக் கர்த்தர் இப்போது தொடுகிறார், எழும்பி வாங்க" என்றார். என் பக்கத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் இவர் நடந்துபோய்க்கொண்டிருக்கிறார்.

மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். "என் பேரு அசரியா. மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். நாலு வருஷமா வலிப்பு. இன்னைக்கு ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டாரு" என்று சொல்லி, குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார். கூட்டம் முழுக்க ஸ்தோத்திரம். நானும் கையைத் தட்டி அழுதேன். அப்போது சந்தேகமே வரவில்லை எனக்கு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் மாத்திரை டப்பாவைத் திறந்தேன், காலி. கொல்லையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது எல்லாம்.

"என்ன செய்து வச்சிருக்கிய?" என்றேன்.

"சாட்சி சொன்ன வாயிளா இது. ஆயிரம் பேருக்கு முன்னால சொல்லியிருக்கேன். அதே வாயில மாத்திரையப் போட்டா, சொன்னது பொய்யாயிராதா? ஆண்டவரையே பொய்யராக்கினது மாதிரி."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தக்கூடாதா?"

"டாக்டர்ட்ட கேட்டா அது என்ன விசுவாசம்?" என்று பச்சைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, கோடு போட்ட இடத்தை வாசித்துக் காட்டினார். நான் கொடுத்த புத்தகம். அதை வைத்து என்னையே அடிக்கிறார். வாயை மூடிக்கொண்டு குப்பையிலிருந்து அட்டைகளைப் பொறுக்கிக் கழுவி அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

ஜனவரி 24, சனி

ஊர்க்காரர் ஆசீர்வாதத்தின் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் பார்க்க இறங்கினாராம். வீட்டுக்கு வந்து நனைந்த வேட்டியோடு நின்று சிரிக்கிறார். நாலு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பு. அரிசிப் பானைக்குள் அட்டைகள் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்தேன்.

ஜனவரி 29, வியாழன்

நல்லவேளை, கிணற்றில் இல்லை. குளியலறையில் வந்தது. வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினேன். பழைய மாதிரியே, கையும் காலும் இழுத்துக்கொண்டு, வாயில் நுரை. சரித்துப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும் நம்மால்? அது நிற்கும்போதுதான் நிற்கும்.

கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்."

"வெளிய சொல்லாத. சத்துரு சாத்தான் சோதிக்கான். இதுக்குப் பயந்து மாத்திரைக்குப் போனா அவன் ஜெயிச்ச மாதிரி."

கத்தினேன், கெஞ்சினேன், காலைக்கூடப் பிடித்தேன். சார்ஜாவில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். அவன் அவரிடம் பத்து நிமிஷம் பேசினான். முடிவில் இவர் அவனுக்காக ஜெபம் பண்ணிப் போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 30, வெள்ளி

புத்தகம் கெடுத்ததைப் புத்தகம்தானே சரிபண்ண வேண்டும்? பத்திரிகைக்குப் பக்கம் எழுத நாலு புத்தகம் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். நான் வழக்கமாக வாங்கும் கடையில் அண்ணாச்சி வரவேற்று, சுகமளிக்கும் ஜெபத்துக்கு என்றே ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். நீலம், சிவப்பு, தங்க எழுத்து. எல்லாவற்றையும் புரட்டினேன். குருடர் பார்த்தார், முடவர் நடந்தார், கட்டி கரைந்தது.

"சுகமாகாதவங்க எதை வாசிக்கணும் அண்ணாச்சி?" என்றேன்.

"புரியலையேம்மா."

"ஒருத்தன் ஜெபிச்சான், அழுதான், உபவாசம் இருந்தான். ஒண்ணும் போகல. மாத்திரை தின்னாத்தான் உயிரு. மாத்திரையையும் தின்னுக்கிட்டு, வெக்கப்படாம ஆண்டவர்ட்ட எப்படிப் பேசுறதுன்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

மனுஷர் உண்மையாகவே யோசித்தார். "எழுதியிருப்பாங்க. அச்சுல இருக்காது. யாரு வாங்குவா சொல்லுங்க?" பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஏணி போட்டு ஏறி, பாடுகளில் பொறுமையைப் பற்றி ஒரு தடிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். பாதி விலை போட்டுக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மருந்துக் கடை. பழைய சீட்டைக் காட்டினேன். "இதப் பொடிச்சுக் குடுக்கலாமா தம்பி?"

"குடுக்கலாம்மா, கசக்கும். அவங்களால முழுங்க முடியலையா?"

"முழுங்க மாட்டேங்காவ."

"வேளை தப்பக்கூடாது, பாத்துக்கோங்க" என்றான். இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 31, சனி

தடிப் புத்தகத்தை இவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் சுக்குக் காபி. ராத்திரிக்குப் பாகற்காய்க் குழம்பு. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

எழுதாமல் எங்கே போய்ச் சொல்ல? மாத்திரையை ஏலக்காய் தட்டுகிற சின்ன உரலில் வைத்துப் பொடிக்கிறேன். காலையில் சுக்குக் காபியில் கலக்கிறேன், ராத்திரி இவருக்கு என்று தனிக் கிண்ணத்தில் குழம்பை எடுத்து அதில் கலக்கிறேன். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்" என்கிறார். ஆமென், ஆசீர்வதியும் ஆண்டவரே, வேளை தப்பாமல் ஆசீர்வதியும் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன். இது பாவமா என்று ஐயரிடம் கேட்கலாம். அவர் ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டு வாரமாக ஒன்றும் வரவில்லை. இவர் விசில் அடித்துக்கொண்டு கடைக்குப் போகிறார். "பாத்தியா? ஒரு சோதனைதான். தாண்டிட்டோம்" என்கிறார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தினம் பாகற்காய் வைத்தால் சந்தேகம் வரும் என்று இன்று வெந்தயக் குழம்பு வைத்தேன். "ஏளா, பாகற்காய் இல்லையா?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து பாகற்காயைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற மனுஷர். வயசாக ஆக நாக்கு மாறும் போலிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

சுவிசேஷக் குழுக்காரர்கள் இவர் சாட்சியைத் துண்டுப் பிரசுரம் மாதிரிக் கைப்பிரதியாக அச்சடித்துவிட்டார்கள். முன்பக்கத்தில் இவர் போட்டோ, ஸ்டூடியோவில் எடுத்தது, பெயர்கூடப் பெரிய எழுத்தில். அடுத்த சனிக்கிழமை சாயர்புரம் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு ராத்திரி தங்கவேண்டும். எனக்குப் பக்கென்றது. அங்கே யார் சமையலோ.

நான் வாயைத் திறக்குமுன் இவரே சொன்னார். "நீயும் வாளா. கண்ட இடத்துல எனக்குச் சாப்பாடு ஒத்துக்கிடாது. சுக்குக் காபிப் பொடியையும் எடுத்துக்க."

கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

லெந்து ஆரம்பம். வெள்ளிதோறும் உபவாசம் என்று அறிவித்தார்கள். சாப்பிடாமல் இருந்தால் நான் எதில் கலப்பேன்? சாயங்காலம் வரை அதே கவலை. மெதுவாகக் கேட்டேன். "உபவாசத்துல சுக்குக் காபி குடிக்கலாம், அது மருந்து மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காலையிலும் ராத்திரியிலும் குடிப்பாராம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று இவர் பேசிய கூட்டத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று இவரிடம் தலையைக் காட்டினார்கள், கை வைத்து ஜெபிக்கச் சொல்லி. இவருக்கே கூச்சமாக இருந்தது. பஸ் பிடித்துக் காலை ஆராதனைக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

பத்திரிகை வந்துவிட்டது. என் பக்கமும் வந்திருக்கிறது: ஜெபத்துக்கும் சுகத்துக்கும் வாசிக்க வேண்டிய நூல்கள், தொகுத்தவர் திருமதி எப்சிபா அசரியா. பச்சை அட்டையை நான் சேர்க்கவில்லை. தடிப் புத்தகத்தை முதலில் போட்டிருந்தேன். கடைசியில் ஐயர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: நம் சபைச் சகோதரர் அசரியாவின் சாட்சிப் பிரதி, புத்தக மேசையில் கிடைக்கும்.

கிடைக்கும் என்று போட்ட பிறகு கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்றா சொல்லமுடியும்? மஞ்சள்விளையிலிருந்து பாக்கியசெல்வி என்று ஒருத்தி வந்தாள். கூடவே மகள் ஜெனிட்டா, பத்தாவது படிக்கிறாள், ரெட்டைச் சடை, சிரித்த முகம். "யக்கா, இவளுக்கும் அண்ணனுக்கு இருந்த அதே வலிப்பு வருத்தம்தான். எதை வாசிச்சா நல்லது?" என்றாள். தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டுப் பிரதியைக் கேட்டாள். கேட்டாள், கொடுத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 4, புதன்

கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு. பாகற்காய் விலை ஏறிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

பாக்கியசெல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, அண்ணன் சாட்சிய வாசிச்சதுல இருந்து எனக்கு அப்படியொரு பெலன். நாங்களும் ஜெனிட்டாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டோம். பத்து நாளாச்சு, ஒண்ணும் இல்ல!"

"டாக்டரைக் கேட்டியா?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"அண்ணன் கேட்டாவளா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஜனம். இவர் ஐந்தடி தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். சொன்னால் இவர் அன்றைக்கே என் கையால் சாப்பிடுவதை நிறுத்துவார். நிறுத்தினால் கிணறு. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை. என்ன செய்வேன் நான்?

ஐயர் வீட்டுக்குப் போனேன். பேர் சொல்லாமல், சாட்சியைக் கேட்டு ஜனங்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "மருந்தும் ஆண்டவர் தந்ததுதான்னு நான் வருஷத்துக்கு ஒருக்கா பிரசங்கம் பண்ணுதேன்லாம்மா" என்றார். ஐயரம்மா டீ தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மஞ்சள்விளைக்குப் போனேன். பாக்கியசெல்வி வீட்டில் இல்லை. ஜெனிட்டா மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாத்திரைய நிறுத்தாத கண்ணு" என்றேன். "அம்மா தூரப் போட்டாச்சு ஆன்ட்டி. நான் கேட்டா எனக்கு விசுவாசம் இல்லன்னு அழுவாங்க" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை. அவளிடம் போய் நான் இதற்கு மேல் என்ன சொல்வது? திரும்பிவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

பள்ளிக்கூட மாடிப்படியில் ஜெனிட்டாவுக்கு வலிப்பு வந்து உருண்டுவிட்டாள். நெற்றியில் ஏழு தையல், கை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தகவல் கடைக்குத்தான் முதலில் வந்திருக்கிறது, ஜெபிக்கச் சொல்லி. இவர் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்.

ராத்திரி சோற்றைப் போட்டுக் குழம்புக் கிண்ணத்தை வைத்தேன். அடக்க முடியவில்லை.

"இதுல மாத்திரை இருக்கு" என்றேன். "பிப்ரவரி ஒண்ணாந்தேதியில இருந்து ரெண்டு வேளையும் போடுதேன். உங்களுக்குச் சுகமாகல. ஒரு நாளும் ஆகல. நான்தான் ஏமாத்தினேன்."

கிண்ணத்தைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

"நாலு வருஷமா தின்ன மாத்திரைளா. நாக்குக்குத் தெரியாதா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மேடையில சொன்னப்போ நெசமாத்தான் சொன்னேன். உடம்பெல்லாம் லேசா இருந்துச்சு எப்சி. குளியலறையில விழுந்தப்போவே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஏறிட்டேன், எறங்க வழி தெரியல. நீ போட ஆரம்பிச்ச. எனக்குத் தெரியாதுன்னு இருந்துக்கிட்டேன். எனக்குத் தெரியாத வரைக்கும் சாட்சி பொய்யில்லலா?"

"அப்போ அந்தப் பிள்ளை?"

பிசைந்த சோற்றில் கண்ணீர் விழுந்தது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அதே நேரம் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பேன் என்றும் இருந்தது.

மார்ச் 25, புதன்

காலையில் தண்ணீர்ச் செம்போடு வந்து கையை நீட்டினார். முழு மாத்திரையாகக் கொடுத்தேன். சுக்குக் காபியில் ஒன்றும் கலக்கவில்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

சபைக்கு முன்னால் நின்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று இவர் ஐயரிடம் போய்க் கேட்டார். ஐயருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்ப வேண்டாம் அசரியா. பெரிய வெள்ளி வருது, ஈஸ்டர் வருது. வெளியூர் ஜனங்கள்லாம் வருவாங்க. பிரதி வேற எங்கெல்லாமோ போயிருக்கு. பண்டிகை முடியட்டும், நிதானமாப் பேசுவோம்" என்றார். ஐயரைக் குறை சொல்ல முடியாது. சொல்லத்தான் வாய் வருகிறது.

மேசையில் மிச்சமிருந்த பிரதிகளை எடுத்து வந்து அடுப்பில் போட்டேன். ஆனால் கட்டுக்கட்டாக வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. போனது போனதுதான்.

ஏப்ரல் 4, சனி

ஜெனிட்டா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் மஞ்சள்விளைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் பாக்கியசெல்வி பிரிக்கக்கூட இல்லை. அலமாரியில் பையோடு தொங்குகிறது.

இவர் உட்காரவில்லை. "தங்கச்சி, நான் சொன்ன சாட்சி தப்பு. எனக்குச் சுகமாகல. என் பெண்டாட்டி குழம்புல மாத்திரை போட்டுத்தான் நான் நடமாடினேன். பிள்ளைக்கு மாத்திரையக் குடு" என்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார், தண்ணீர் கேட்டார், அவர்கள் எல்லோரும் பார்க்க ஒன்றை வாயில் போட்டு விழுங்கினார். மைதானத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் ஏறியதைவிட இது கஷ்டம்.

"எனக்கும் இதே கலர்தான்" என்றாள் ஜெனிட்டா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

பாக்கியசெல்வி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. பரிதாபமாக இவரைப் பார்த்தாள். "அண்ணன் விசுவாசத்துல விழுந்துட்டிய. எனக்குப் புரியுது. பிள்ளை மாடிப்படியில விழுந்ததப் பாத்துப் பயந்துட்டிய. ஒங்க விசுவாசம் போச்சுன்னா எங்க விசுவாசமும் போணுமா? நாங்க ஒங்களுக்காக ஜெபிக்கோம், எழும்பிருவிய." வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து பிரதியை எடுத்து, இவர் சொன்னதை இவருக்கே வாசித்துக் காட்டினாள். வரி வரியாக.

"அது நான் சொன்னதுதான் தங்கச்சி. ஆனா..."

"அப்போ நீங்க பரிசுத்த ஆவியில இருந்திய. இப்ப மாம்சத்துல பேசுதிய" என்று முடித்துவிட்டாள். நான் பையை எடுத்து ஜெனிட்டா கையில் கொடுக்கப் போனேன். பாக்கியசெல்வி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கியா சண்டை போடமுடியும்? அவள் பெற்ற பிள்ளை.

அவள் புருஷன் தங்கதுரை அவ்வளவு நேரமும் வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் நிறுத்தம் வரை விடுகிறேன் என்றார். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். நிறுத்தம் வந்தும் இறங்கச் சொல்லவில்லை. இஞ்சினை அணைத்தார். ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"யக்கா, எந்தக் குழம்புல போட்டா கசப்பு தெரியாது?"

இவர்தான் சொன்னார்: "பாகற்காய் வேண்டாம் தம்பி, அதுல கண்டுபிடிச்சிரலாம். சுக்குக் காபி. கருப்பட்டி கொஞ்சம் கூடப் போடணும்."

"ஆஸ்பத்திரியில எழுதின அளவுல ஒண்ணும் கூட்டக் கொறைக்கக்கூடாது. பொடிச்சுக் குடுக்கலாமான்னு மருந்துக் கடையிலேயும் கேட்டுக்கோங்க. வேளை தப்பக்கூடாது" என்றேன் நான்.

"காலையில காபி நான்தான் போடுவேன். ராத்திரிக்கும் ஒரு காபி பழக்கிருதேன்" என்றார் தங்கதுரை. பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். சாட்சி வேளையில் இவரைக் கூப்பிடவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

கிணற்று வேலைக்கெல்லாம் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் மூட்டுவலி என்று சொல்கிறார். பண்டிகை முடிந்துவிட்டது, ஐயர் இன்னும் நிதானமாகப் பேசக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று சாட்சி சொல்ல மஞ்சள்விளைக் குடும்பம் வந்திருந்தது. பாக்கியசெல்வி மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். "மாடிப்படியில விழத் தள்ளினான் சத்துரு. நாங்க பின்வாங்கல. பண்டிகையில இருந்து என் பிள்ளைக்கு ஒரு தடவைகூட வருத்தம் வரல, ஒரு மாத்திரைகூடத் தொடல!" என்றாள். கோவில் அதிர ஸ்தோத்திரம். தங்கதுரை கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் ஸ்தோத்திரம் என்றேன். சொல்லாமல்? பிள்ளை உயிரோடு நிற்கிறாளே, ரெட்டைச் சடையோடு.

வெளியே மேசை போட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி, முப்பது வயது இருக்கும், தயங்கித் தயங்கி வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர்க்கா. இப்ப சொன்னாவல்லா, அதே மாதிரிக் கூட்டத்துல போய்ச் சாட்சி சொல்லிட்டாவ. மாத்திரைய விட்டு ஒரு மாசமாச்சு. தலைசுத்துன்னு படுத்துக்கிடுதாவ, கேட்டா ஒண்ணுமில்லங்காவ. எனக்குப் பயமா இருக்கு. அவிய வாசிக்க நல்ல புத்தகமாச் சொல்லுங்களேன்."

பச்சை, நீலம், தங்க எழுத்து, எல்லாம் மேசையில் இருந்தது. எதையும் எடுக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தேன்.

"வீட்ல சமையல் நீதானம்மா?" என்றேன்.